டிவியில் பார்த்த விதியை மறப்பது எப்படி: பள்ளி பேஸ்பால் அம்பயர்கள் சீசனுக்குத் தயாராக ஒரு முழு வழிகாட்டி

நான் அம்பயராக நின்ற இரண்டாவது ஆண்டு. ஏப்ரல் பிறந்தும் குளிர் விடவில்லை. இரண்டாவது பேஸில் ஒரு ரன்னர். பந்து எறியும் பிட்சர் இரண்டு கைகளையும் சேர்த்தான். அப்படியே ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டியவன், நிற்காமலே பந்தை எறிந்துவிட்டான். "பால்க்!" என்று குரல் கொடுத்தேன். பிட்சரின் இப்படிப்பட்ட விதிமீறலுக்கு அதுதான் பெயர். பேட்டர் அந்தப் பந்தை விளாசினான். ரன்னர் ஹோமைத் தொட்டான், பேட்டர் இரண்டாவது பேஸில் போய் நின்றான். எல்லோரும் ஒரு பேஸாவது முன்னேறிவிட்டார்கள், இனி பால்க்கைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று ரன்னைக் கொடுத்துவிட்டேன்.

பந்து வீசிய அணியின் கோச் மெதுவாக நடந்து வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "பள்ளி ஆட்டத்தில் பால்க் சொன்ன நொடியே பந்து செத்துவிடும், இல்லையா?" என்று கேட்டார். அவர் சொன்னது சரி: பந்து செத்துவிட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும், அதன் பின் அடித்தது செல்லாது. நான் செய்தது மேஜர் லீக், அதாவது டிவியில் வரும் தொழில்முறை ஆட்டத்தின் விதி. கூட நின்ற அம்பயரிடம் பேசி, ரன்னரை மூன்றாவது பேஸில் நிறுத்தி, பேட்டரைத் திரும்பக் கூப்பிட்டு, மறுபடி ஆட்டத்தைத் தொடங்க நான்கு நிமிடம் ஆனது. என்னை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. மூன்று வாரம் முன்பு எழுதிய விதித் தேர்வில் இதே கேள்வி வந்தது. அதற்குச் சரியாகத்தான் விடை எழுதியிருந்தேன்.

புத்தகத்தில் படித்தது ஒரு பக்கம் இருந்தது. பல வருடம் டிவியில் பார்த்தது அதைவிட ஆழமாக உட்கார்ந்திருந்தது. அவசரம் வந்ததும் டிவிதான் முந்திக்கொண்டது. அமெரிக்காவில் பள்ளி ஆட்டங்களுக்கு அம்பயராகப் பதிவு செய்திருக்கும், செய்ய நினைக்கும் நம் ஆட்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போய், வேலிக்கு வெளியே நின்று, ஒரு நாள் நாமே உள்ளே நின்றால் என்ன என்று தோன்றியவர்கள் பலர் இருக்கிறார்கள். முதல் ஆட்டத்துக்கு எட்டு வாரம் முன்பே தொடங்கினால் போதும். தெற்கு மாநிலங்களில் பிப்ரவரியிலேயே ஆட்டங்கள் வந்துவிடும், அங்கே இருப்பவர்கள் டிசம்பர் கடைசியில் புத்தகத்தைத் திறந்துவிடுங்கள்.

1. சரியான புத்தகங்களைக் கையில் எடுங்கள்

உயர்நிலைப் பள்ளி பேஸ்பாலுக்கு விதி எழுதுவது இண்டியானாபோலிஸில் இருக்கும் தேசியக் கூட்டமைப்பு, சுருக்கமாக என்.எஃப்.எச்.எஸ். அது வெளியிடுபவற்றில் உங்களுக்கு மூன்று வேண்டும்: விதிப் புத்தகம், சம்பவங்களைச் சொல்லித் தீர்ப்பும் சொல்லும் கேஸ் புக், அம்பயர்கள் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டும் கையேடு.

நான்காவதாக ஒன்று உண்டு, பலர் அதை விட்டுவிடுவார்கள். உங்கள் மாநிலச் சங்கம் ஏற்றுக்கொண்டவற்றின் பட்டியல். பத்து ரன் வித்தியாசத்தில் ஆட்டத்தை முடிப்பதா, பிட்சருக்கும், பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கும் பதிலாக வேறொருவன் ஓடலாமா என்பதெல்லாம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. ஒரு பிட்சர் ஒரு நாளில் எத்தனை பந்து எறியலாம் என்பதும் அப்படித்தான். 2017 முதல் ஒவ்வொரு மாநிலமும் எறியும் பந்தின் எண்ணிக்கையை வைத்து ஒரு வரம்பு வைத்தே ஆக வேண்டும். எண்ணும் ஓய்வு நாளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அந்தப் பட்டியலை அச்செடுத்து விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

பதிவு, பின்னணிச் சோதனை, உள்ளூர் சங்கத்தில் சேர்வது, ஆட்டம் ஒதுக்குபவரிடம் காலியான நாட்களைச் சொல்வது, இவற்றை ஜனவரிக்குள் முடித்துவிடுங்கள். கடைசி நாளில் இணையதளம் திணறும்.

2. இரண்டாவது அத்தியாயத்திலிருந்து படியுங்கள்

விதிப் புத்தகத்தில் பத்து அத்தியாயங்கள். முதலாவது மைதான அளவு, மட்டை, தலைக்கவசம் பற்றியது. அங்கே தொடங்குபவர்கள் பத்தாவது பக்கத்தில் தூங்கிவிடுகிறார்கள். நீங்கள் இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். அது சொற்களின் விளக்கம். கேட்ச் என்றால் என்ன, டேக் (பந்தோடு ரன்னரைத் தொடுவது) என்றால் என்ன, அப்ஸ்ட்ரக்ஷனும் (ஃபீல்டர் ரன்னரை மறிப்பது) இன்டர்ஃபியரன்ஸும் (மட்டையெடுக்கும் அணி ஃபீல்டரைக் கெடுப்பது) எங்கே பிரிகின்றன என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. மைதானத்தில் எழும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை ஒரு சொல்லின் பொருளில் வந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்து எட்டாவது அத்தியாயம், ரன்னர்கள். அப்புறம் ஆறு, பிட்சிங். பின் ஏழும் ஐந்தும். மூன்றாவதில் ஆள் மாற்றமும் கோச்சுகளின் நடத்தையும் வருகின்றன, அதை நிதானமாகப் படியுங்கள். மீதி ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். புதிதாக மாறிய விதிகள் புத்தகத்தில் சாம்பல் நிறப் பின்னணியில் அச்சாகியிருக்கும். முதல் நாளே அவற்றை மட்டும் தேடிப் படித்து, சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுதிவையுங்கள். ஓர் ஆண்டு கோடையை வேறு வேலையில் கழித்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த மாற்றங்கள்தான் காலை வாரும். உதாரணத்துக்கு 2020இல் டிஹெச், அதாவது பிட்சருக்கோ வேறொருவனுக்கோ பதிலாக மட்டையெடுப்பவன், தானே தற்காப்பிலும் நிற்கலாம் என்று விதி மாறியது. 2024இல் டக்அவுட்டிலிருந்து, அதாவது அணியின் பெஞ்சிலிருந்து, கேட்சரின் காதுக்கு ஒருவழியாகச் சொல்லும் கருவிக்கு அனுமதி வந்தது. இரண்டும் தெரியாமல் ஆட்டக்காரர் பட்டியலான லைன்அப் கார்டை வாங்கினாலோ, கேட்சர் காதில் ஏதோ இருக்கிறதே என்று ஆட்டத்தை நிறுத்தினாலோ, முதல் இன்னிங்ஸிலேயே கோச்சின் நம்பிக்கை போய்விடும்.

கேஸ் புக்கைத் தனியாகப் படிக்காதீர்கள். தீர்ப்பைக் கையால் மூடிக்கொண்டு, சம்பவத்தை உரக்கப் படித்து, நீங்களே தீர்ப்பைச் சொல்லுங்கள், வாய்விட்டு. வீட்டில் பேஸ்பால் ஆடும் பிள்ளை இருந்தால் அவனைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். என் மகள் ஒரு பருவம் முழுக்க இரவுச் சாப்பாட்டில் என்னைக் கேட்டாள். அந்த வருடம் என் விதித் தவறுகள் ஒரு கைவிரலுக்குள் அடங்கின.

3. இரண்டு பத்தி நோட்டுப் புத்தகம்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் 'டிவி', வலது பக்கம் 'பள்ளி'. படிக்கும்போது, 'அப்படியா? நான் வேறு மாதிரி நினைத்தேனே' என்று தோன்றும் ஒவ்வொன்றையும் இதில் எழுதுங்கள். என் நோட்டில் அடிக்கடி கைபட்டுக் கசங்கிய பக்கங்களிலிருந்து சில:

பால்க். மேஜர் லீக்கில் பந்து உயிரோடு இருக்கும், பேட்டரும் எல்லா ரன்னர்களும் ஒரு பேஸாவது முன்னேறினால் ஆட்டம் அப்படியே செல்லும். பள்ளியில் உடனே பந்து செத்துவிடும். அதற்குப் பிறகு அடித்த ஹோம் ரன்னும் இல்லை. ரன்னர்களுக்கு ஒரு பேஸ், பேட்டர் அதே பால், ஸ்ட்ரைக் கணக்கில் திரும்ப நிற்க வேண்டும்.

வைண்ட்அப்பில், அதாவது முழு வீச்சோடு எறியும் நிலையில் நிற்கும் பிட்சர். தொழில்முறை ஆட்டத்தில் அவன் அங்கிருந்தே ரன்னரைப் பிடிக்க எறியலாம். பள்ளியில் பந்தை வீசலாம், அல்லது ஊன்றிய காலைப் பின்னால் எடுத்து விலகலாம், அவ்வளவுதான். நேராக பேஸுக்கு எறிந்தால் பால்க். அதே நேரம், கைகளைச் சேர்த்து அசையாமல் நிற்கும் செட் நிலையிலிருந்து மூன்றாவது பேஸுக்குக் காலை வைத்து, எறிவதுபோல் பாவனை செய்து எறியாமல் விடுவதை மேஜர் லீக் 2013இல் தடை செய்தது. பள்ளி விதியில் அது செல்லும். பார்வையாளர் பகுதியிலிருந்து யாராவது ஓர் அப்பா "பால்க்!" என்று கத்துவார். நீங்கள் பேசாமல் நில்லுங்கள்.

இரண்டாவது பேஸில் சறுக்குதல். ஒரே பந்தில் இருவர் அவுட் ஆகும் டபுள் பிளேயை உடைக்கப் பையன்கள் டிவியில் பார்த்ததைச் செய்வார்கள். பின்னால் வருபவனுக்கு இடம் விட்டு ரன்னர் ஓடியே ஆக வேண்டிய நிலைக்கு ஃபோர்ஸ் பிளே என்று பெயர். பள்ளியில் அதற்கான சறுக்கல் விதி கடுமையானது, இருக்கவும் வேண்டும், ஏனென்றால் முறிவது பதினைந்து வயதுப் பையனின் கணுக்கால். ரன்னர் சறுக்கியே ஆக வேண்டும் என்று இல்லை. சறுக்கினால் இரண்டு பேஸுக்கும் இடையிலான நேர்கோட்டில் சறுக்க வேண்டும், அல்லது ஃபீல்டரைவிட்டு விலகும் பக்கம் போக வேண்டும். மீறி ஃபீல்டரைத் தொட்டாலோ அவன் எறிவதைக் கெடுத்தாலோ, இரண்டு அவுட் ஆகாதபோது, ரன்னரும் அவுட், முதல் பேஸுக்கு ஓடும் பேட்டரும் அவுட். முதல் பேஸில் பேட்டர் பத்து அடி முன்னதாகவே சேர்ந்திருந்தாலும் இதேதான். இதைச் சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பிப்ரவரியிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருந்தால் ஏப்ரலில் வாயில் வரும்.

அப்ஸ்ட்ரக்ஷன். பந்து கையில் இல்லாத ஃபீல்டர் ரன்னரை மறித்தால் இடது கையை முஷ்டியாக்கிப் பக்கவாட்டில் நீட்டுங்கள், ஆட்டம் ஓடட்டும். முடிந்ததும், மறிக்கப்பட்ட ரன்னருக்கு அவன் இருந்த இடத்திலிருந்து குறைந்தது ஒரு பேஸ் கொடுங்கள். பந்தே இல்லாமல் டேக் செய்வதுபோல் பாவனை காட்டினாலும் பள்ளியில் இது பொருந்தும். மட்டையின் வீச்சில் கேட்சரின் கையுறை பட்டால் டிவியில் அதற்குக் கேட்சர் இன்டர்ஃபியரன்ஸ் என்று பெயர். நம் புத்தகத்தில் கேட்சர் அப்ஸ்ட்ரக்ஷன். பெயரை மாற்றிச் சொன்னால் படித்த கோச் உடனே கவனிப்பார்.

வேண்டுமென்று மோதுதல். அது எல்லாவற்றையும் மீறும். மோதியவன் வெளியே போக வேண்டும், அதற்கு முன் அப்ஸ்ட்ரக்ஷன் நடந்திருந்தாலும் சரி.

இன்னும் சில, சுருக்கமாக. ஆட்டம் ஏழு இன்னிங்ஸ். தொடக்க ஆட்டக்காரர் வெளியே போனால் ஒருமுறை திரும்ப வரலாம், பேட்டிங் வரிசையில் அதே இடத்தில். ஏழு இன்னிங்ஸுக்குள் பந்து வீசும் அணிக்கு, ஆட்டத்தை நிறுத்திக் கோச் பேசும் ஆலோசனைகள் மூன்று இலவசம், நான்காவதில் பிட்சர் பிட்சிங்கை விட்டுவிட வேண்டும். பேஸைத் தொடாமல் போனான் என்ற முறையீட்டைப் பந்து செத்திருக்கும்போது கோச்சே வாயால் சொல்லலாம்.

நம்மில் பலருக்கு மூன்றாவது பத்தி ஒன்றும் வேண்டும்: 'கிரிக்கெட்'. அங்கே யாரும் கேட்காவிட்டால் அம்பயர் அவுட் கொடுப்பதில்லை, சந்தேகம் வந்தால் பலன் பேட்ஸ்மேனுக்கு. இங்கே, பேஸைத் தொடாமல் போவது போன்ற சில முறையீடுகளைத் தவிர, பேஸில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொல்ல வேண்டும், சந்தேகத்தின் பலனை யாருக்கும் எழுதிவைக்கவில்லை. சேப்பாக்கம் கேலரியில் உட்கார்ந்து வளர்ந்த கண்ணுக்கு இது பழக நாளாகும். ஃபீல்டர்கள் கை தூக்கிக் கத்தட்டும் என்று காத்திருக்கும் அந்த அரை நொடியை முதல் வருடம் என்னால் விடவே முடியவில்லை.

4. தேர்வு

மாநிலத்துக்கு மாநிலம் மதிப்பெண்ணும் முறையும் வேறு. பெரும்பாலும் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம். அப்படியே எழுதினாலும், முதலில் மூடிவைத்து ஒருமுறை முழுவதும் விடை போடுங்கள். தவறியவற்றை இரண்டு பத்தி நோட்டில் ஏற்றுங்கள். தேர்வால் கிடைக்கும் உண்மையான லாபம் அந்தத் தவறுகளின் பட்டியல்.

5. கண்ணைப் பழக்குங்கள்: ஹோம் பிளேட்டுக்குப் பின்னால்

ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். பந்தின் குறுக்களவு கிட்டத்தட்ட 3 அங்குலம். பந்தின் ஓரம் பிளேட்டின் மேல் எங்கே உரசினாலும் ஸ்ட்ரைக், அதாவது பேட்டர் அடித்திருக்க வேண்டிய நல்ல பந்து. அப்படியென்றால் இருபுறமும் ஒரு பந்து அகலம் சேர்த்து, நீங்கள் உண்மையில் காவல் காப்பது ஏறக்குறைய 23 அங்குலம். ஒரு நாள் சமையலறைத் தரையில் டேப் ஒட்டி அளந்து பாருங்கள், ஓரத்தில் இரண்டு பந்தையும் வையுங்கள். நாம் நினைப்பதைவிட எவ்வளவு அகலம் என்று அப்போதுதான் தெரியும். உயரம், பேட்டர் இயல்பாக நிற்கும்போது தோளுக்கும் இடுப்புக்கும் நடுவிலிருந்து முழங்கால் வரை.

நிற்கும் இடம், கேட்சருக்கும் பேட்டருக்கும் இடையே உள்ள சந்து. உங்கள் தாடை கேட்சரின் தலைக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் வெளி ஓரத்துத் தாழ்வான பந்தை ஊகித்துத்தான் சொல்வீர்கள். பந்து வரும்போது தலை அசையக் கூடாது. பிட்சரின் கையிலிருந்து கையுறை வரை கண் மட்டும் தொடர வேண்டும். பந்து கையுறைக்குள் போன பிறகு, மனதுக்குள் 'ஸ்ட்ரைக்கா?' என்று ஒரு கேள்வி, அதன் பிறகே வாய் திறக்க வேண்டும். வேகமாகச் சொல்வது திறமை என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். பந்து பிளேட்டைத் தாண்டும் முன்பே கை எழும்பும் அம்பயருக்கு, வளைந்து விழும் கர்வ் பந்து ஒவ்வொன்றும் தவறிப்போகும்.

பிப்ரவரியில் பள்ளிகளின் உள்ளரங்குகளில் பிட்சர்கள் எறிந்து பழகுவார்கள். கோச்சிடம் கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு விடுவார், பையன்களுக்கும் அம்பயர் பின்னால் நிற்கும் பழக்கம் வரும். முகக்கவசம் உட்பட முழு உடுப்போடு போங்கள். முதல் ஐம்பது பந்துக்கு ஒன்றுமே சொல்லாதீர்கள், பார்க்க மட்டும் செய்யுங்கள். அடுத்த ஐம்பதை மனதுக்குள் சொல்லுங்கள். அப்புறம் உரக்க. இப்படி மூன்று நாள் போனவருக்கும் நேராக முதல் ஆட்டத்துக்கு வந்தவருக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாவது இன்னிங்ஸிலேயே தெரிந்துவிடும்.

6. காலைப் பழக்குங்கள்: பேஸ் அம்பயர்

பள்ளி ஆட்டங்களில் பெரும்பாலும் இரண்டே அம்பயர்கள். பேஸில் யாரும் இல்லாதபோது பேஸ் அம்பயர் முதல் பேஸ்மேனுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, ஆட்ட எல்லையான ஃபவுல் கோட்டுக்கு வெளியே. இது ஏ இடம். முதல் பேஸில் ரன்னர் இருந்தால் உள்ளே வந்து, பிட்சர் மேட்டுக்கும் இரண்டாவது பேஸுக்கும் நடுவில், முதல் பேஸ் பக்கம். இது பி. இரண்டாவது பேஸில் ரன்னர் இருந்தால் அதே போல் மூன்றாவது பேஸ் பக்கம், அது சி.

இடம் தெரிந்தாலும் பந்து அடிபட்ட பின் யார் எங்கே ஓடுவது என்பதில்தான் குழப்பம் வரும். சாப்பாட்டு மேசையில் நான்கு சில்லறைக் காசை பேஸாக வைத்து, இரண்டு புளியங்கொட்டைகளை அம்பயர்களாக நகர்த்திப் பாருங்கள். முதல் பேஸில் ரன்னர், பந்து வெளிமைதானத்துக்குப் போகிறது: பிளேட் அம்பயர் மூன்றாவது பேஸை நோக்கி, "மூன்று என்னுடையது" என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். பேஸ் அம்பயர் உள்ளேயே நின்று பேட்டரையும் மற்ற பேஸ்களையும் பார்க்க வேண்டும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு சூழ்நிலை, துணை அம்பயரோடு உட்கார்ந்து செய்தால் இன்னும் நல்லது.

முதல் பேஸில் நூலிழைத் தீர்ப்பு வரும்போது கண் பேஸில் இருக்கட்டும், காது கையுறையில். காலடி பேஸில் விழுவதைப் பார்க்க வேண்டும், பந்து கையுறையில் அறையும் ஓசையைக் கேட்க வேண்டும். இதைவிட முக்கியம் கோணம். எவ்வளவு பக்கத்தில் நின்றாலும் கோணம் தவறென்றால் ஃபீல்டரின் முதுகுதான் தெரியும்.

எல்லாம் சரியாகச் செய்தும் தவறும். 2010 ஜூன் 2, டெட்ராய்ட். பிட்சர் அர்மாண்டோ கலராகா ஒருவரையும் பேஸ் சேரவிடாமல் 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கி, கடைசியான 27ஆவது ஆளையும் முதல் பேஸில் தானே பந்தை வாங்கி முந்திவிட்டார். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் 'சேஃப்' என்றார். ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்ததும் தான் தவறிவிட்டதை அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மறுநாள் லைன்அப் கார்டை அவரிடம் கொண்டுவந்து கொடுத்தது கலராகாதான். புதிய அம்பயர்களோடு பேசும்போதெல்லாம் நான் இதைச் சொல்வேன். தவறிய தீர்ப்போடு அடுத்த பந்துக்கு நின்றாக வேண்டும், அதற்கும் மனதைத் தயார் செய்ய வேண்டும்.

7. உடுப்பும் கருவியும்

போன வருடப் பையை ஜனவரியில் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். முகக்கவசத்தின் வார், மார்புக் கவசம், கால் கவசம், இரும்பு முனை வைத்த பிளேட் ஷூ, பந்துப் பை, பிளேட் தூரிகை, எண்ணிக்கைக் கருவி. எண்ணிக்கைக் கருவி இடது கையில் இருக்கட்டும், முகக்கவசத்தையும் இடது கையாலேயே கழற்றிப் பழகுங்கள். வலது கை தீர்ப்புக்கு.

ஆட்டக்காரர்களின் கருவிக்கும் இரண்டு கண் வைக்க வேண்டும். உலோக மட்டைகளில் 2012 முதல் பிபிகார் என்ற தரச்சான்று முத்திரை கட்டாயம். மட்டையின் தடித்த பகுதி 2⅝ அங்குலத்தைத் தாண்டக் கூடாது. எடை அவுன்ஸில், நீளம் அங்குலத்தில், இரண்டுக்கும் வித்தியாசம் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. கேட்சரின் மார்புக் கவசத்தில் நாக்ஸி என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். நெஞ்சில் பந்து பட்டு இதயம் நின்றுபோகும் ஆபத்துக்காக வந்த விதி அது.

8. கோச்சோடு பேசப் பழகுங்கள்

அம்பயர்களில் பலர் விலகிப்போவது விதி புரியாமல் இல்லை, வசவு தாங்காமல்தான். ஆகவே இதையும் பயிற்சி செய்ய வேண்டிய ஒன்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கோச் வந்தால் முதலில் கேளுங்கள். அவர் கேட்பது விதியா, உங்கள் கண் பார்த்ததா என்று பிரித்துக்கொள்ளுங்கள். "அவன் சேஃப்" என்றால் அது நீங்கள் பார்த்தது. "கோச், நான் பார்த்தது இது" என்று ஒரு வாக்கியம் போதும். விதி பற்றிக் கேட்டால், சந்தேகம் இருந்தால், துணை அம்பயரைக் கூப்பிடுவதில் எந்தக் குறைவும் இல்லை. என் பால்க் தவறு அன்று திருத்தப்பட்டது அப்படித்தான். எல்லை மீறினால் புத்தகம் படி வைத்துத் தருகிறது: வாய்மொழி எச்சரிக்கை, எழுத்து எச்சரிக்கையோடு பெஞ்சில் கட்டுப்பாடு, அதன் பின் வெளியேற்றம். பெரிய மீறலுக்குப் படி ஏற வேண்டியதில்லை. கோபத்தோடு நீங்கள் கோச்சை நோக்கி நடந்து போகாதீர்கள். அவர் வரட்டும்.

9. முதல் ஆட்ட நாள்

ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். மைதான எல்லைக்குள் நீங்கள் வந்ததிலிருந்தே உங்கள் அதிகாரம் தொடங்குகிறது. துணை அம்பயரோடு பத்து நிமிடம்: யார் எந்த ஃபீல்டர்களைப் பார்ப்பது, ஃபவுல் கோட்டில் யார், அரைச் சுற்று மட்டை வீச்சுக்குச் சைகை என்ன. பல வருடம் சேர்ந்து நின்றவராக இருந்தாலும் இதை விடாதீர்கள்.

ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன் பிளேட்டில் கூட்டம். இரண்டு தலைமைக் கோச்சுகளிடமும் ஆட்டக்காரர்கள் எல்லோரும் விதிப்படி கருவி அணிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள், வாயால் பதில் வாங்குங்கள். லைன்அப் கார்டில் டிஹெச்சை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். மைதான விதிகளைச் சொந்த மைதானத்துக் கோச் சொல்லட்டும்.

இரண்டு விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் தளராதீர்கள். தலையில் அடிபட்ட அறிகுறி தெரிந்தால் பையன் உடனே வெளியே, மருத்துவ ஆள் அனுமதிக்காமல் திரும்ப வரக் கூடாது. இடி கேட்டாலோ மின்னல் தெரிந்தாலோ ஆட்டத்தை நிறுத்துங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம், நடுவில் இன்னொன்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து 30.

வீட்டுக்குப் போகும் முன், காரில் உட்கார்ந்தபடியே, அந்த இரண்டு பத்தி நோட்டைத் திறந்து, அன்று எந்தத் தீர்ப்பில் தயங்கினீர்களோ அதை மட்டும் எழுதுங்கள். இன்னிங்ஸ், ரன்னர்கள் எங்கே, நீங்கள் எங்கே நின்றீர்கள், விதி எண் என்ன. என் நோட்டில் அந்த ஏப்ரல் நாளின் பக்கத்தில் இருப்பது ஒரே வரி: 'நான்காவது இன்னிங்ஸ், ரன்னர் இரண்டில், பால்க், பந்து உடனே செத்தது.' ஒவ்வொரு ஜனவரியிலும் பையைத் திறக்கும்போது முதலில் அந்தப் பக்கத்தைத்தான் படிக்கிறேன்.